புகையானுக்குப் பகை, உழவனுக்குத் துணை: ஓநாய்ச் சிலந்தி

குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் வந்ததும் தென்காசி வட்டாரத்தில் கார் நடவு மும்முரமாகிறது. அப்போது வரப்பிலும் சேற்றிலும் பழுப்பு நிறச் சிலந்திகள் விரைந்தோடுவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். இவை பயிரைத் தொடுவதில்லை. புகையானைத் தின்னும் ஓநாய்ச் சிலந்திகள் இவை.

பார்டோசா என்ற பேரினத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. நெல் வயலில் பெரிதும் காணப்படுவது பார்டோசா சூடோஅன்னுலேட்டா. முன்பு இதை லைகோசா என்றனர். முதுகில் கவை போன்ற குறி இருக்கும். இது வலை பின்னிக் காத்திருப்பதில்லை. பயிரின் அடியிலும் நீரின் மேலும் ஓடி இரையைப் பிடிக்கும். நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். பெண் சிலந்தி 3, 4 மாத வாழ்நாளில் 200 முதல் 400 முட்டைகள் இடும். முட்டைப் பையை வயிற்றின் நுனியில் ஒட்டிச் சுமக்கும். குஞ்சுகளையும் முதுகில் ஏற்றித் திரியும்.

புகையானைக் கண்டதும் மருந்தடிப்பது பலருக்கு வழக்கம். இதில் ஓர் ஆபத்து உண்டு. புகையானின் முட்டைகள் இலையுறைக்குள் இருப்பதால் தப்பிவிடும். வெளியே திரியும் சிலந்திகள் மடியும். முட்டை பொரித்து வரும் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லாததால் புகையான் முன்னிலும் பெருகி, பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்துவிடும். இந்தோனேசியாவில் இவ்வாறு சேதம் பெருகியதால், 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்க அந்நாட்டு அரசு தடை விதித்தது.

எனவே மருந்தடிக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். வயலில் ஆங்காங்கே சில குத்துகளைச் சாய்த்து, அடிப்பகுதியைக் கவனிக்கவும். சிலந்தி இல்லையெனில் தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். அதாவது 15 தூர் உள்ள குத்தில் 30 பூச்சி எட்டும்வரை மருந்துச் செலவு வேண்டாம்.

நடவின்போது எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட வேண்டும். தழைச்சத்தைப் பிரித்து இட வேண்டும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் புகையானைப் பெருக்குபவை. அவற்றைத் தவிர்க்க வேண்டும். மருந்து கட்டாயமானால், நீரை வடித்துவிட்டுத் தூரின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியலாம்.

கூலி கேட்காத இந்தக் காவலாளிகளைக் காத்தால் காரிலும் பிசானத்திலும் மருந்துச் செலவு குறையும்.