ஜகாட்: அன்று மெக்சிகோ, இன்று மணியம்

2015 டிசம்பரில் 'ஜகாட்' திரைக்கு வந்தபோது எங்கள் பூச்சோங் நடுப்பகுதிக்கு எல்ஆர்டி வந்திருக்கவில்லை. நண்பர்களோடு காரில் நெரிசலைக் கடந்து போய்த்தான் பார்த்தேன். நாங்கள் பேசும் தமிழ், தமிழ்நாட்டுச் சாயம் பூசப்படாமல், பெரிய திரையில் அப்படியே ஒலித்தது. அந்த மகிழ்ச்சியிலேயே பாதிப் படம் ஓடிவிட்டது.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய படம். கதை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடக்கிறது. பன்னிரண்டு வயதுக் குறும்புக்காரன் அப்போய், கண்டிப்பான அப்பா மணியம், குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா மெக்சிகோ, போதையில் விழுந்து மீண்ட இன்னொரு சித்தப்பா பாலா. அன்று எங்கள் கண் முழுக்க மெக்சிகோ மேல்தான். ஜிப்ராயில் ராஜுலா நடந்து வரும் தோரணையைத் திரும்பும் வழியெல்லாம் பேசினோம். மணியத்தை நாங்கள் பொருட்படுத்தவே இல்லை. அடிக்கிற அப்பா, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம், சிறந்த புதுமுக இயக்குநர் விருதுகளை 'ஜகாட்' வென்றது. தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்குவதா என்று பெரிய சர்ச்சை கிளம்பிய ஆண்டு அது. ஒரு தமிழ்ப் படம் அந்த மேடையில் ஏறியது நமக்குச் சின்ன விஷயமல்ல. அந்தப் பெருமையில் மறுபடி பார்த்தேன். அப்போதும் மெக்சிகோதான்.

பிள்ளை பிறந்த பிறகு பார்த்தபோதுதான் படம் மாறிப்போனது. குபேன் மகாதேவனின் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். மணியத்தின் கோபத்துக்குள் இருப்பது பயம். தோட்டம் போய்விட்டது. லயத்து வீடும் கோயிலும் பள்ளியும் ஒரே வேலிக்குள் இருந்த வாழ்க்கை போய், புறம்போக்குக் குடியிருப்பில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டிய தலைமுறை அது. ஒரு தம்பி கும்பலில், ஒரு தம்பி போதையில் என்று பார்த்தவர், மகனைப் பிடித்து நிறுத்த என்ன செய்வார்? படிப்பு ஒன்றைத்தான் அவர் நம்புகிறார். அதைச் சொல்லிக் கொடுக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அடி. அந்த அடிதான் அப்போயை மெக்சிகோவின் பக்கம் தள்ளுகிறது. இதை எப்படி நான் முதலில் பார்க்கவில்லை என்று கேட்பதில் பயனில்லை. அப்போது எனக்கு மகன் இல்லை.

பூச்சோங்கும் மணியம் இழந்ததைப் போன்ற ஒன்றின் மேல்தான் எழும்பியிருக்கிறது. ரப்பர், செம்பனைத் தோட்டங்களும் ஈய லம்பங்களும் இருந்த இடம் இது. தொண்ணூறுகளில் வீடமைப்புத் திட்டங்களும் 1999இல் எல்டிபி நெடுஞ்சாலையும் வந்தன. 2016இல் எல்ஆர்டி வந்தது. காசல்ஃபீல்ட் தமிழ்ப்பள்ளியின் பெயர் ஒரு தோட்டத்தின் பெயர். பெயர் நிற்கிறது, பால்மரம் இல்லை.

அண்மையில் பார்த்தபோது பள்ளிக்கூடம்தான் என்னை வதைத்தது. ஹர்விந்த் ராஜ் நடித்த அப்போய் கற்பனை நிறைந்த பையன். அந்தக் கற்பனைக்கு வகுப்பறையில் இடமில்லை. அவன் வயதுப் பிள்ளைகள் எழுதிவந்த, ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் அரசாங்கம் ரத்து செய்துவிட்டது. ஆனால் அடங்காத பிள்ளையைக் 'கெட்டவன்' என்று முத்திரை குத்தும் பழக்கத்தை எந்தச் சுற்றறிக்கையும் ரத்து செய்யவில்லை. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது பட்டியலைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம். அந்தக் கும்பல்களில் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு வயதில் எப்படி இருந்தார்கள் என்று கேட்ட படம் இது.

மலேசியத் தமிழர் எடுத்த படங்களில் இதற்கு மேலான ஒன்றை நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு சுட்டிப் பையன் இருந்தால், முன்பே பார்த்திருந்தாலும் மறுபடி பாருங்கள். இந்த முறை மெக்சிகோவை விட்டுவிட்டு மணியத்தைக் கவனியுங்கள்.