ஈயின் கொழுப்பு சொல்லும் சேதி

கனிந்த வாழைப்பழத்தை இரண்டு நாள் மறந்துவிட்டால், எங்கிருந்தோ வந்து மொய்க்குமே சின்னஞ்சிறு ஈக்கள்! எள்ளளவு உடம்பு, சிவந்த கண்கள். நமக்கு வரும் நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறக்குறைய 75 சதவீதத்துக்கு இணையானவை இந்தப் பழ ஈயிடமும் இருக்கின்றன. சர்க்கரை நோயை ஆராய்பவர்கள் இதைத் தேடிப் போவது அதனால்தான்.

கல்லீரலும் கொழுப்பும் ஒன்றாக

பழ ஈயின் புழுவை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பிரித்தால், இரு பக்கமும் வெளிறிய நாடா போல ஒரு திசு தெரியும். அதன் செல்களுக்குள் எண்ணெய்த் துளிகள் நெருக்கியடித்துக் கிடக்கும். இதுதான் ஈயின் கொழுப்புத் திசு. நம் உடலில் கல்லீரலும் கொழுப்பும் தனித்தனியே பார்க்கும் வேலைகளை இது ஒன்றே பார்க்கிறது. கிருமி புகுந்தால், அதைக் கொல்லும் புரதங்களைச் சுரப்பதும் இதுவே.

1996-ல் பிரான்ஸில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர், 'டோல்' என்ற மரபணு பழுதான ஈக்கள் பூஞ்சைத் தொற்றைத் தாங்காமல் மடிவதைக் கண்டார்கள். அதே குடும்பத்து மரபணுக்கள் மனிதருக்கும் உண்டு என்பது அடுத்துத் தெரிந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 2011-ல் ஹாஃப்மன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சர்க்கரை செய்யும் வேலை

என்னை உலுக்கியது 2011-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு. புழுக்களுக்கு அளவுக்கு மீறிச் சர்க்கரை கொடுத்து வளர்த்தார்கள். உடம்பில் கொழுப்பு ஏறியது, சர்க்கரை அளவு எகிறியது, இன்சுலின் சொல்லுக்குச் செல்கள் செவிசாய்க்கவில்லை. நம் ஊரில் வீட்டுக்கு வீடு பேசப்படும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் முக்கிய அடையாளங்கள் இவை! புரதத்தையோ கொழுப்பையோ கூட்டிக் கொடுத்தபோது இந்த இன்சுலின் எதிர்ப்பு வரவில்லை. அதற்காகக் கொழுப்பை அள்ளிச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. 2010-ல் ஈக்களுக்குத் தேங்காய் எண்ணெயை மிகுதியாகக் கலந்து கொடுத்தபோது, அவற்றின் இதயமே தடுமாறியது.

மூளையோடு பேசும் கொழுப்பு

கொழுப்பைச் சும்மா கிடக்கும் மூட்டை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தோம். ஆனால் வயிறு நிறைந்ததும் ஈயின் கொழுப்புத் திசு ஒரு புரதத்தைச் சுரந்து மூளைக்குச் சேதி அனுப்புகிறது. மூளை இன்சுலினை விடுவிக்கிறது. அந்தப் புரதம் இல்லாத ஈ, தீனி எதிரே இருந்தும் பட்டினி கிடப்பதைப் போலவே வளர்ச்சி குன்றிப் போகிறது. மனித உடலின் கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்ற புரதத்தை அந்த ஈயின் உடலில் உண்டாக்கியபோது குறை சரியானது என்று 2012-ல் காட்டினார்கள். நம் புரதம் ஈயின் உடலில் வேலை செய்கிறது! இதைவிட நெருங்கிய உறவு வேறென்ன வேண்டும்?

நம் இடுப்பில்

ஈக்கு நம்மைப் போல ரத்தக் குழாய் வலை இல்லை. இன்சுலினைச் சுரப்பதும் கணையம் அல்ல, மூளைச் செல்கள். ஈயிடம் பலித்த மருந்து அப்படியே நம்மிடம் பலிக்காது. நோயின் வேர் எங்கே என்று காட்டுவதே அதன் உதவி. அது காட்டும் இடம் கொழுப்பு.

"ஆள் ஒல்லிதானே, சர்க்கரை எப்படி வரும்?" என்று கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் உடம்பில் கொழுப்பு கல்லீரலைச் சுற்றியும் அதற்குள்ளும் சேர்கிறது. எடை பார்க்கும் எந்திரம் அதைச் சொல்லாது. தையல்காரரின் அளவுநாடா சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தெற்காசியருக்கான எல்லை. தாண்டியிருந்தால், வெறும் வயிற்றில் ஒரு சர்க்கரைப் பரிசோதனை. கல்லீரலைப் பற்றி மருத்துவரிடம் ஒரு கேள்வி.