செட்டா... எந்த செட்டு பாஸ்?

மூணே எழுத்து இங்கிலீஷ் வார்த்தை. பஜார்ல ஒரு அர்த்தம், கிரவுண்டுல ஒரு அர்த்தம், கிளாஸ்ல ஒரு அர்த்தம்! செஞ்சியில ஒரு ரவுண்டு போய் பிடிச்சுட்டு வந்தோம்...

இங்கிலீஷ்ல ரொம்பக் கஷ்டமான வார்த்தை எதுன்னு கேட்டா, வாய்ல நுழையாத நீளத்துல ஒண்ணை எடுத்து விடுவீங்க. அதெல்லாம் சும்மா! நீளமான வார்த்தைக்குப் பெரும்பாலும் ஒரு அர்த்தம், மிஞ்சிப்போனா ரெண்டு. டிக்‌ஷனரியைத் திறந்தோமா, பார்த்தோமான்னு மேட்டர் முடிஞ்சுடும். நிஜ வில்லன்கள் யாருன்னா, அப்பாவி மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு நிக்கிற குட்டி வார்த்தைங்கதான். அந்தக் கூட்டத்துல ஒரு பெரிய தலை... 'செட்'!

நம்பிக்கை இல்லையா? வாங்க, செஞ்சிக்குப் போவோம்.

பஜார் டூ மார்க்கெட் கமிட்டி

பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் பசிக்குதா? ஹோட்டல்ல 'ஒரு செட் பூரி'ன்னு சொல்லுங்க. ரெண்டு பூரியும் கிழங்கும் வரும். அப்படியே காந்தி பஜார் பக்கம் நடங்க. ஜவுளிக் கடையில சுடிதார் செட். பாத்திரக் கடையில டின்னர் செட். நகைக் கடையில தோடு, நெக்லஸ், வளையல்னு மொத்தமா சேர்ந்தா அதுவும் செட். தாத்தா கண்ணாடி டம்ளர்ல ஊறப்போட்டிருக்காரே, அது பல்செட். கல்யாண வீட்டுல மைக்செட், சீரியல் செட், பேண்டு செட்னு மூணு செட்டும் ஒண்ணா வந்து இறங்கும்.

மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை கொண்டு வந்திருக்கிற பெரியவர்கிட்ட போய் 'செட்டு'ன்னு சொல்லிப் பாருங்க. அவர் நினைப்பு நேரா கிணத்து மேட்டுக்குப் போயிடும். அவருக்கு செட்டுன்னா பம்ப்செட்! கரன்ட் வந்துச்சா, மோட்டார் ஓடுதான்னுதான் அவர் கவலை.

பைக்கை 'மெக்கானிக் செட்டுல விட்டிருக்கேன்'னு ஒருத்தர் சொல்வார். உஷார்! அது இந்த செட்டே இல்லை. தகரக் கூரை போட்ட 'ஷெட்' நம்ம வாய்ல வந்து 'செட்டு' ஆயிடுச்சு.

காலேஜ் பக்கம் வந்தா கேக்கவே வேணாம். 'அவன் எங்க செட்டுடா', 'இந்த ஹேர் ஸ்டைல் உனக்கு செட் ஆகலை', 'ஆறு மணிக்கு அலாரம் செட் பண்ணு', 'இந்தக் கொடூர க்வெஸ்டின் பேப்பரை யாருப்பா செட் பண்ணினது?' சாயங்காலம் வாலிபால் கிரவுண்டுக்குப் போனா ரெண்டு செட்டு ஒரே கோர்ட்டுல ஆடும். முதல்ல 25 பாயின்ட் எடுத்து, ரெண்டு பாயின்ட் வித்தியாசமும் இருந்தா ஒரு செட் ஜெயிச்சாச்சு. அஞ்சாவது செட் மட்டும் 15-க்கு. அதே கோர்ட்டுல, அடிக்கிறவருக்கு வாகா பந்தைத் தூக்கிக் கொடுக்கிறாரே, அவர் 'செட்டர்'. அவர் பண்றதும் செட்தான்!

இதுல ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? இத்தனை செட்டையும் நாம யாரும் மனப்பாடம் பண்ணலை. பூரி கேட்டவருக்கு யாரும் பம்ப்செட்டைத் தூக்கிட்டு வந்து தர்றதும் இல்லை. பக்கத்துல நிக்கிற வார்த்தையை வெச்சு, எந்த செட்டுன்னு நம்ம மூளை நொடியில கண்டுபிடிச்சுடுது. இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்!

அம்மாடியோவ்... 430!

இங்கிலீஷ்காரங்களுக்கே இந்த வார்த்தை தலைவலிதான். ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் டிக்‌ஷனரியோட ரெண்டாவது பதிப்பு 1989-ல வந்துச்சு. அதுல 'செட்'டை வினைச்சொல்லா மட்டும் எடுத்துக்கிட்டாலே 430 அர்த்தம். விளக்கம் மட்டும் சுமார் 60,000 வார்த்தைகள். ஒரு நாவல் சைஸ் பாஸ்! அந்தப் பதிப்புல மிகப் பெரிய என்ட்ரி இதுதான்.

அப்புறம் டிக்‌ஷனரியைத் திருத்தி எழுத ஆரம்பிச்சாங்க. 2000-ல 'மேக்', 2007-ல 'புட்' ரெண்டும் சாதனையை முறியடிச்சது. 2011-ல 645 அர்த்தங்களோட 'ரன்' ஓடி வந்து எல்லாரையும் முந்திடுச்சு.

ஜெயிச்ச வார்த்தைகளைப் பாருங்க... எல்லாமே பொடிசு! காரணம் சிம்பிள். தினமும் வேலைக்குப் போற வார்த்தைக்குத்தான் புதுப் புது வேலை கிடைக்கும். நம்ம 'போடு' மாதிரி. சட்டை போடு, காபி போடு, கையெழுத்துப் போடு, ஓட்டுப் போடு, பிரேக் போடு, சண்டை போடு, கடைசியா மொக்கை போடு. ஒரு வெள்ளைக்காரர் தமிழ் கத்துக்க வந்து இதைப் பார்த்தா, மனுஷன் அழுதே போயிடுவார். அவருக்கு 'போடு' எப்படியோ, நமக்கு 'செட்' அப்படி. ஆக, இதுல பயம் நமக்கு மட்டும் சொந்தம் இல்லை.

உட்காரு... உட்கார வை!

இப்போ இந்த வார்த்தையோட ஜாதகத்தைப் பார்ப்போம். 'செட்'டுங்கிறது ஒரே வார்த்தை இல்லை, ரெண்டு வார்த்தை!

முதல் செட், பழைய இங்கிலீஷ்ல இருந்து வந்தது. 'சிட்'னா உட்காரு, 'செட்'னா உட்கார வை. நம்ம தமிழ் இலக்கணத்துல தன்வினை, பிறவினைன்னு படிச்சோமே... திருந்து - திருத்து, அமர் - அமர்த்து. அதே கதைதான்! இந்த ஒரு சாவியைப் போட்டா பாதிப் பூட்டு திறந்துடும். அலாரம் செட் பண்றது, முள்ளை ஒரு நேரத்துல உட்கார வைக்கிறது. உடைஞ்ச எலும்பை செட் பண்றது, அது இடத்துல உட்கார வைக்கிறது. தயிரோ ஜெல்லியோ செட் ஆகுதுன்னா, ஆடிக்கிட்டு இருந்தது அசையாம உட்காருது. சன்செட்? சூரியன் மேற்கே போய் உட்காருதுன்னு வெச்சுக்குங்களேன்! வீட்டுல 'எப்போடா லைஃப்ல செட்டில் ஆகப் போற?'ன்னு கேக்கறாங்களே, அந்த 'செட்டி'லும் இதே குடும்பம்தான். பழைய இங்கிலீஷ்ல ஆசனம்னு அர்த்தம் வர்ற வார்த்தையில இருந்து வந்தது.

ரெண்டாவது செட், கூட்டம்ங்கிற அர்த்தத்துல வர்றது. பின்தொடர்ற கூட்டம்னு பொருள் தர்ற லத்தீன் வார்த்தை, ஃபிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து இப்படி ஆச்சு. டின்னர் செட், நகை செட், 'எங்க செட்டு பசங்க' எல்லாம் இந்தக் கட்சி. காலப்போக்குல ரெண்டும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்புன்னு மாறி ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சு.

கோட்டைக்குள்ளேயும் இருக்கு!

செஞ்சி வரைக்கும் வந்துட்டு கோட்டையைப் பார்க்காம போனா எப்படி? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் மதில் சுவரால இணைச்சுக் கட்டின கோட்டை இது. மூணு மலை சேர்ந்தாதான் செஞ்சிக் கோட்டை. அதாவது, செட்!

2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல செஞ்சி சேர்ந்ததும் செட்டாதான். 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்'ங்கிற பேர்ல மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிராவுல, தமிழ்நாட்டுல இருந்து செஞ்சி மட்டும். 1677-ல சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடிச்சதால வந்த சொந்தம் இது.

முதல் செட்டுக்கும் இங்கே ஒரு கதை இருக்கு. சிவாஜியோட மகன் ராஜாராம் செஞ்சிக்குள்ள இருந்தப்போ, அவுரங்கசீப்போட தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல கோட்டையை முற்றுகை போட்டார். நடுவுல வந்தவாசிப் பக்கம் பின்வாங்கி, மறுபடி வந்து... கோட்டை முகலாயர் கைக்குப் போனது 1698-ல! அதுக்குள்ள ராஜாராம் எஸ்கேப். முற்றுகைக்கு இங்கிலீஷ்ல 'சீஜ்'. அந்த வார்த்தையோட பழைய ஃபிரெஞ்சு அர்த்தம் என்ன தெரியுமா? ஆசனம்! லத்தீன்ல 'உட்காரு'ங்கிற சொல்லுல இருந்து வந்தது. கோட்டை வாசல்ல போய் உட்கார்ந்துக்கிறதுதானே முற்றுகை? லத்தீன்ல உட்கார்ற அந்தச் சொல்லும், இங்கிலீஷ் 'சிட்'டும் ஒரே மூதாதையரோட வாரிசுகள். ஆக 'சீஜ்'ஜும் 'செட்'டும் தூரத்துச் சொந்தக்காரங்க!

சரி, இதெல்லாம் எதுக்கு?

மேட்டரே இனிமேதான். தமிழ் மீடியத்துல படிச்சுட்டு இன்ஜினீயரிங் வந்தவரா நீங்க? நானும்தான்! 2021-ல இருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினீயரிங் சீட்ல 7.5 சதவீத ஒதுக்கீடு வந்திருக்கு. சின்னச் சின்ன ஊர்ல இருந்து நம்மள மாதிரி நிறையப் பேர் உள்ளே வர்றாங்க. உள்ளே வந்ததும் முதல்ல மிரட்டுறது கணக்கோ சர்க்யூட்டோ இல்லை... மொழி!

ஸ்கூல்ல நாம படிச்சது 'கணம்', 'உட்கணம்'. இங்கே வந்தா அது 'செட்', 'சப்செட்'. சரின்னு மனசுல குறிச்சுக்கிட்டு அடுத்த கிளாஸுக்குப் போனா, அங்கே செட்டுக்கு வேற வேஷம். சிவில்ல சிமென்ட் செட் ஆகணும். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு ஆரம்ப செட்டிங் டைம் 30 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது, முடியற நேரம் 600 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. எலெக்ட்ரானிக்ஸ்ல எஸ்-ஆர் ஃபிளிப்ஃப்ளாப். அதுல செட்னா அவுட்புட்டை 1-ல உட்கார வைக்கிறது. கம்ப்யூட்டர்ல இன்ஸ்ட்ரக்‌ஷன் செட், அதாவது பிராசஸருக்குப் புரியற கட்டளைகளோட தொகுப்பு. மெக்கானிக்கல்ல 'பெர்மனன்ட் செட்'. ஒரு ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இழுத்து விட்டா, பழைய நீளத்துக்குத் திரும்பாம கொஞ்சம் நீண்டே நின்னுடும் இல்லையா, அந்த மிச்ச நீளம்தான் அது.

வைவாவுல 'வாட் இஸ் பெர்மனன்ட் செட்?'னு கேட்டதும், 'கணம்' மட்டும் தெரிஞ்ச ஸ்டூடன்ட் தலையைக் குனிஞ்சு நிக்கிறார். ஸ்பிரிங் எப்படி நீளும்னு அவருக்கு நல்லாத் தெரியும். தமிழ்ல கேட்டா படம் போட்டே விளக்கிடுவார். ஆனா மார்க் ஷீட்ல 'சப்ஜெக்ட் தெரியலை'ன்னு பதிவாயிடுது. அதைவிட மோசம், அவரும் அதையே நம்ப ஆரம்பிச்சுடறார். 'நமக்கு இன்ஜினீயரிங் செட் ஆகாது போல'ன்னு! ஒரு வார்த்தை தெரியாததுக்கும் பாடம் தெரியாததுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கு ஃப்ரெண்ட்ஸ்.

இன்னொரு ரகசியம் சொல்லட்டுமா? நம்ம 'கணம்' மட்டும் என்ன யோக்கியமா? 'கண நேரத்துல மறைஞ்சான்'னா நொடி. 'பூதகணம்'னா கூட்டம். வடமொழியில ரெண்டும் வேற வேற வார்த்தை. க்ஷணம் ஒண்ணு, கணம் ஒண்ணு. தமிழுக்கு வந்து ஒரே எழுத்துல நிக்குது. அப்படியே 'செட்' கதை! அந்த ரெண்டு கணத்தையும் நாம என்னிக்காவது குழப்பிக்கிட்டோமா? இல்லையே. அப்ப செட்டையும் சமாளிக்க முடியும்.

செட் பிடிக்க நாலு டிப்ஸ்!

* முதல் கேள்வி: இது உட்கார வைக்கிற செட்டா, கூட்டம் சேர்க்கிற செட்டா? பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துடும்.

* பக்கத்துல யாருன்னு பாருங்க. பின்னாடி 'ஆஃப்' வந்து, அடுத்து பொருள்களோட பேர் வந்தா அநேகமா கூட்டம். 'டைம்', 'பாயின்ட்', 'வேல்யூ' வந்தா ஏதோ ஒண்ணை ஓர் இடத்துல நிறுத்துறாங்க. 'செட் அப்', 'செட் அசைட்' மாதிரி ஜோடியா வந்தா, ஜோடியாவே படிங்க. பிரிச்சா அர்த்தம் ஓடிடும்.

* நோட்டோட கடைசிப் பக்கத்தை ஒதுக்குங்க. 'செட்' மட்டும் இல்லை, ஃபீல்டு, பேஸ், லோடு, ஸ்ட்ரெஸ், கரன்ட்னு எல்லா சப்ஜெக்ட்லயும் வேஷம் மாத்துற வார்த்தைங்களை எழுதி, எந்தப் பாடத்துல என்ன அர்த்தம்னு தமிழ்லயே குறிங்க. இங்கிலீஷ் விளக்கத்தை அப்புறம் எழுதிக்கலாம்.

* புரியலையா, கையைத் தூக்குங்க. 'சார், இங்கே செட்னா என்ன அர்த்தம்?'னு கேக்கறது இங்கிலீஷ் தெரியாதவங்க கேள்வி இல்லை. 430 அர்த்தம் இருக்குன்னு தெரிஞ்சவங்க கேக்கற கேள்வி!

நீங்க கேட்டு முடிச்சதும் பின் பெஞ்ச்ல நாலு பேர் நிம்மதியா மூச்சு விடுவாங்க பாருங்க... அப்புறம் அவங்களும் உங்க செட்டு!