வெளிச்சத்துக்குக் காசா, விசைக்குக் காசா?

ஹட்டன் நகரில் கொமியுனிகேஷன் கடை நடத்தும் நானா ஒருவர் அண்மையில் எம்மை அழைத்து, மேசையில் கிடந்த புதிய கீபோர்ட் ஒன்றைக் காட்டினார். "தம்பி, இதைப் பாருங்க. கொழும்பில வாங்கினது. சுவிட்சைப் போட்டா கலியாண வீடு மாதிரி மின்னுது. ஆனா எங்கட பிள்ளைக்கு இதில டைப் அடிக்க ஏலாதாம்" என்றார்.

அவர் "எங்கட பிள்ளை" என்றது, பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து அந்தக் கடையில் தட்டச்சு செய்யும் யுவதியை. அவரிடம் விசாரித்தோம். "ஸ்டிக்கர் ஒட்டுனா லைட்டு தெரியல முதலாளி. லைட்ட அணைச்சா எழுத்தே தெரியல. நம்பர் அடிக்க வலது பக்கம் பட்டனும் இல்ல" என்று மூன்றே வாக்கியங்களில் விடயத்தை முடித்துவிட்டார். நானா கொடுத்த விலையோ, சாதாரண கீபோர்ட் ஐந்து வாங்கக்கூடிய தொகை.

இது ஒரு கடையின் கதை மட்டுமல்ல. மெக்கானிக்கல் கீபோர்ட் நீண்ட காலம் உழைக்கும் என்ற பேச்சு இப்போது மலைநாட்டு நகரங்களுக்கும் வந்துவிட்டது. பேச்சு உண்மைதான். ஆனால் கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்யப்பட்டவை. வானவில் நிறங்களில் மின்னும் விளக்குக்கும் சேர்த்தே அவற்றுக்கு விலை போடப்படுகிறது. கீபோர்டை வைத்துச் சம்பாதிப்பவர் எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

சாதாரண கீபோர்டைக் கழற்றிப் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பிளாஸ்டிக் தாள்களும், அவற்றின் மேல் சிறு றப்பர் குமிழ்களும் இருக்கும். விசையை அழுத்தினால் குமிழ் நசுங்கி, தாள்களில் வரையப்பட்ட மின்கோடுகள் ஒன்றையொன்று தொடும். செய்வதற்கு மலிவு. ஆனால் ஒரு கோடு அறுந்தால், ஒரு குமிழ் தளர்ந்தால், பெரும்பாலும் முழுப் பலகையையும் வீசவேண்டியதுதான்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு. அதற்குள் ஒரு சுருள்வில்லும் உலோகத் தொடுமுனைகளும் இருக்கும். அழுத்தம் பொதுவாக 4 மில்லிமீற்றர் வரை செல்லும். பாதி வழியில், அதாவது சுமார் 2 மில்லிமீற்றரிலேயே எழுத்து விழுந்துவிடும். விசையை அடிவரை குத்தத் தேவையில்லை. நாள் முழுவதும் அடிக்கும் விரல்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஐபிஎம் நிறுவனத்தின் 'மொடல் எம்' என்ற கனத்த கீபோர்ட் 1985இல் வந்தது. அதில் விளக்கே இல்லை. சுருள்வில்லோடு செய்யப்பட்ட அந்தப் பலகைகளில் பல இன்றும் வேலை செய்கின்றன. ஜெர்மனியின் செரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த 'எம்எக்ஸ்' சுவிட்ச்தான் இன்றைய கீபோர்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்மாதிரி. அதன் காப்புரிமை 2014 அளவில் முடிவுற்றதும், கேட்ரோன், கைல், அவுட்டெமு போன்ற சீனத் தயாரிப்புகள் குறைந்த விலையில் சந்தையை நிரப்பின. நமது கைக்கு எட்டும் விலையில் இவை வந்ததற்கு அதுவே முக்கிய காரணம்.

முதலில் சாகும் விசை

தமிழில் தட்டச்சு செய்பவருக்கு இதில் தனியான ஒரு கணக்கு உண்டு. இலங்கையின் தமிழ் அச்சகங்களிலும் கொமியுனிகேஷன் கடைகளிலும் நெடுங்காலமாகப் புழங்கிவருவது பாமினி எழுத்துரு. அதில் மெய்யெழுத்தின் புள்ளி, வலது சிறுவிரலின் கீழுள்ள அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. "விண்ணப்பம்" என்ற ஒரே சொல்லுக்கு மூன்று தடவை அந்த விசைக்குப் போகவேண்டும். பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம், தோட்டத் துரைக்குக் கடிதம், கலியாணக் கார்ட் என்று எதை அடித்தாலும் புள்ளி இல்லாமல் தமிழ் இல்லை. ஆகவே தமிழ்க் கடைகளில் முதலில் களைத்துப்போவது அந்த ஒரு விசைதான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் நாளொன்றுக்கு 40,000 தடவை விசைகளைத் தட்டுகிறார், அதில் பத்தில் ஒன்று புள்ளி என்று வைத்துக்கொண்டால், புள்ளிக்கு மட்டும் 4,000. வருடத்தில் 300 வேலை நாட்களுக்கு 12 இலட்சம். றப்பர் குமிழ் கீபோர்ட்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் ஒரு விசைக்கு 50 இலட்சம் முதல் ஒரு கோடி அழுத்தங்கள். மெக்கானிக்கல் சுவிட்சுக்கு 5 கோடியும் அதற்கு மேலும் சொல்லப்படுகிறது. முதலாவது நாலு வருடத்தில் ஆட்டம் காணலாம். இரண்டாவது நாற்பது வருடம் தாங்கும். இவை தொழிற்சாலைக் கணக்குகள். அங்கே பனிமூட்டமும் கிடையாது, பிளேன்டீ சிந்துவதும் கிடையாது. ஆனாலும் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பது புரியும்.

இதைவிடப் பெரிய இலாபம் பழுதுபார்ப்பதில் இருக்கிறது. 'ஹொட் ஸ்வொப்' என்று பெட்டியில் குறிப்பிட்டிருந்தால், சுவிட்சை ஈயம் உருக்காமலே சிறு இடுக்கியால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். புள்ளி விசை பழுதானால், யாருமே தொடாத 'ஸ்குரோல் லொக்' சுவிட்சைக் கழற்றி அங்கே போட்டுவிட்டு, பழுதானதை இங்கே போடலாம். ஐந்து நிமிட வேலை. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் முழுவதும் போய்விடும் என்பதை நினைத்தால், இதன் பெறுமதி விளங்கும்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

எல்லோரும் மெக்கானிக்கல் கீபோர்ட் வாங்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கடையில் நாளுக்கு இருபது பில் அடிப்பவருக்கும், வாரத்தில் இரண்டு கடிதம் எழுதுபவருக்கும் சாதாரண கீபோர்டே போதும். அதற்குமேல் செலவழிப்பது வீண்விரயம்.

தினமும் மூன்று நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாமல் அடிப்பவர்களுக்குத்தான் இது தேவை. தட்டச்சாளர்கள், புத்தகம் வடிவமைப்பவர்கள், கணக்கு எழுதும் காரியாலயங்கள் ஆகியோர் இதில் அடங்குவர். தோட்டக் காரியாலயங்களில் செக்ரோல் பதியும் கிளாக்கர்மாரும் அப்படியே. கொழுந்துக் கிலோவைப் பதியும்போது 18 என்பது 8 என்று விழுந்தால், குறைவது யாரோ ஒரு தொழிலாளியின் நாட்சம்பளம். அழுத்தியது விழுந்ததா இல்லையா என்று விரலுக்கே தெரியும் கீபோர்ட் அத்தகைய இடத்தில் ஆடம்பரம் அல்ல.

ஒரு எளிய அளவுகோல் சொல்வோம். விலை ஐந்து மடங்கு என்றால், அது குறைந்தது ஐந்து சாதாரண கீபோர்ட்களின் காலத்தைத் தாண்டி உழைக்கவேண்டும். உங்கள் கடையில் வருடத்துக்கு ஒரு கீபோர்ட் பழுதாகிறதா? அப்படியானால் யோசிக்கலாம். ஐந்து வருடமாக ஒரே பலகை ஓடுகிறதா? அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் பார்த்து வாங்குங்கள், சுவிட்சின் நிறத்தை!

விளக்கின் நிறம் முக்கியமல்ல. சுவிட்சின் நிறம் முக்கியம். சிவப்பு சுவிட்ச் தடையின்றி நேராக இறங்கும். மென்மையானது, அழுத்த 45 கிராம் அளவு விசை போதும். கபில நிறத்தில் நடுவழியில் சிறு தட்டு விரலுக்குத் தெரியும். ஆனால் தனிச் சத்தம் வராது. நீல நிறத்தில் அந்தத் தட்டோடு 'டிக்' என்ற சத்தமும் வரும். பழைய தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்களுக்குப் பிடிக்கும்.

கடைக்குக் கபில நிறமே எமது சிபாரிசு. தகரக் கூரையில் மழை கொட்டும் நேரத்தில் நீல சுவிட்சின் சத்தம் யாருக்கும் கேட்காதுதான். ஆனால் இரவில் வீட்டில், பிள்ளைகள் உறங்கும் அறையில் வேலை செய்பவருக்கு அது வீண் வம்பு. சிவப்பு, விரலை விசைமேல் ஓய்வாக வைத்தாலே எழுத்து விழுந்துவிடக்கூடியது. புதியவர்களுக்குப் பிழை கூடும். கம்பனிக்குக் கம்பனி நிறங்களின் பொருள் சற்று மாறலாம். ஆகவே அடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

விளக்கின் உண்மைக் கணக்கு

விளக்கு மின்சாரத்தைத் தின்றுவிடும் என்று சிலர் சொல்வர். அது மிகைப்படுத்தல். சாதாரண யூஎஸ்பி இணைப்பொன்று தருவது அதிகபட்சம் 2.5 வாட். பத்து மணித்தியாலம் முழுதாக எரிந்தாலும் ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்குதான். மின்தடை நேரத்தில் லெப்டொப் பற்றரியில் ஓடும்போது மட்டும் அது உறைக்கும். 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

விளக்கின் உண்மையான நட்டம் வேறு. ஒளி ஊடுருவும்படி செய்யப்பட்ட மூடிகளில், விளக்கு எரிந்தால்தான் எழுத்துத் தெளிவாகத் தெரியும். அணைத்தால் கறுப்பில் கறுப்பு. அதன்மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டினால், கொடுத்த காசுக்கான ஒளியை நாமே மூடிவிடுகிறோம். மலிவான சிலவற்றில் விளக்கை அணைத்து வைத்தாலும், மின்சாரம் போய்வந்ததும் மீண்டும் தானாகவே மின்னத் தொடங்கும். அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊரில் இது பெரும் தொல்லை.

விளக்கே இல்லாத மெக்கானிக்கல் கீபோர்ட்கள் இல்லாமல் இல்லை. செரி நிறுவனத்தின் 'ஜி80-3000' நெடுங்காலம் காரியாலயங்களில் புழங்கிய விளக்கில்லாத பலகை. ஜப்பானின் பில்கோ, கொரியாவின் லியோபோல்ட் ஆகியனவும் விளக்கற்ற கீபோர்ட்களுக்குப் பெயர் பெற்றவை. இவை எல்லாக் கடைகளிலும் கிடைக்கா, விலையும் கூடும். கிடைக்காவிட்டால், விளக்கு உள்ளதையே வாங்கலாம். ஆனால் அணைத்த நிலையில் எழுத்துத் தெரிகிறதா, அணைத்தது அணைந்தே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மலைநாட்டின் ஈரம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கங்களில் சுவரே வியர்க்கும். மெக்கானிக்கல் சுவிட்சுக்கும் இது எதிரிதான். தொடுமுனையில் ஈரமும் தூசியும் படிந்தால், ஒரு தடவை அழுத்த இரண்டு எழுத்து விழும். 18 என்பது 188 ஆகிவிடும். வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடி வையுங்கள். மாதம் ஒரு தடவை மூடிகளைக் கழற்றித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். நாலைந்து உதிரிச் சுவிட்சுகளைக் கீபோர்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மூடியின் பிளாஸ்டிக்கையும் கேளுங்கள். 'ஏபிஎஸ்' வகை சீக்கிரம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். 'பீபீரீ' வகை கூடுதல் காலம் சொரசொரப்பாகவே இருக்கும்.

கடையில் பார்க்கவேண்டியவை

வலப்பக்கத்தில் இலக்கப் பகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 104 விசை உள்ளதே கணக்கு வேலைக்கு ஏற்றது. விளையாட்டுக்கான சிறிய பலகைகளில் அது இருப்பதில்லை.

கொம்பியூட்டரில் இணைத்து, ஒரு விசை விடாமல் அடித்துப் பாருங்கள்.

ஹொட் ஸ்வொப் வசதி உண்டா, வொறன்டி எத்தனை மாதம், பழுதானால் மாற்றித் தருவார்களா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

தமிழ் ஸ்டிக்கர் வாங்கும்போது கவனம் தேவை. இந்தியாவிலிருந்து வருபவை 'தமிழ்99' முறையில் இருக்கக்கூடும். அதில் புள்ளி இடது ஆள்காட்டி விரலின் கீழ் இருக்கும். இலங்கையின் 2008ஆம் ஆண்டுத் தரநிர்ணயமான எஸ்.எல்.எஸ். 1326, ரெங்கநாதன் முறையைத் தழுவியது. மாறி ஒட்டினால் பழகுபவர் திண்டாடுவார்.

தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை வகுத்த ஆர். முத்தையா, யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர். எந்த எழுத்து எந்த விரலுக்கு வரவேண்டும் என்பதே அவருடைய கவலையாக இருந்தது. வாங்கும்போது நாமும் விரலைத்தான் முதலில் நினைக்கவேண்டும்.

ஹட்டன் நானாவின் கதைக்கு வருவோம். வாங்கிய கடை திருப்பி எடுக்க மறுத்துவிட்டது. மின்னும் பலகை இப்போது வீட்டில் மகனிடம் விளையாட்டுக்குப் போய்விட்டது. இரண்டாம் தடவை கீபோர்ட் வாங்கப் போனபோது நானா தனியாகப் போகவில்லை; தட்டச்சு செய்யும் அந்தப் பிள்ளையையும் அழைத்துப் போனார். அவர் நாலு பலகைகளில் "விண்ணப்பம்" என்று அடித்துப் பார்த்து, ஐந்தாவதை எடுத்தார். கபில சுவிட்ச், முழு இலக்கப் பகுதி, விளக்கு இல்லை. விலையும் முந்தியதைவிடக் குறைவு.

கீபோர்டில் உட்கார்ந்து வேலை செய்பவரை முதலில் கேளுங்கள். முதலாளிமாருக்கு எமது முதல் ஆலோசனையும் கடைசி ஆலோசனையும் அதுதான்.