வெயிலும் வெற்றிலையும்

நமுனுகுலை மலையை நோக்கிய தோட்டமொன்றில் நெடுங்காலம் ஆசிரியனாக இருந்தவன் நான். என் பழைய மாணவன் ஒருவன் சென்ற மாதம் பதுளையில் என் இல்லம் தேடி வந்தான். "ஐயா, புற்றாக மாறக்கூடிய தோற்புண்ணை ஒளியினாலேயே ஆற்றுகிறார்களாமே! எங்கள் அப்பாயிக்கு வாயில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. அவருக்கு அது உதவாதா?" என்று கேட்டான்.

ஒளியால் நோய் தீர்ப்பது நமக்குப் புதிதன்று. கார்போகரிசியை அரைத்துப் பூசி வெண்படையை வெயிலிற் காட்டுவது நம் நாட்டு வைத்திய வழக்கம். தனித்து நின்று செய்யாததை மருந்தும் ஒளியும் கூடி நின்று செய்யும். 1900ஆம் ஆண்டளவில் மியூனிக் நகரில் ஒஸ்கார் ராப் என்பவர், சாயம் கலந்த நீரில் நுண்ணுயிர்களை விட்டு ஆராய்ந்தார். இருளில் உயிரோடிருந்தவை வெளிச்சம் பட்டதும் மடிந்தன. அவர் அப்போது ஒரு மாணவரே என்பதைச் சொல்லாமல் விட ஆசிரியனாகிய எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய சிகிச்சையும் அதன் வழிவந்ததே. அமினோலெவுலினிக் அமிலத்தைப் புண்மீது பூசுவர். கெட்ட கலங்கள் அதனைப் பொர்பிரின் என்னும் பொருளாக மாற்றி மிகுதியாகச் சேர்த்து வைக்கும். நீல ஒளியோ செவ்வொளியோ பட்டவுடன் அங்குள்ள ஒட்சிசனே நஞ்சாகி அக்கலங்களை அழித்துவிடும். வெயிலால் விளையும் தோற்செதில்களுக்கு இம்முறையை 1999இல் அமெரிக்க அரசு அனுமதித்தது.

ஆயினும் அச்செதில்கள் பெரும்பாலும் வெண்ணிறத்தாரின் நோய். நாள் முழுதும் வெயிலில் கொழுந்தெடுக்கும் நம் பெண்களுக்கு அது அரிது. நாம் எள்ளிவரும் கருநிறமே அவர்களுக்குக் குடையாய் நிற்கிறது. நமது ஆபத்தோ வெயில் புகாத வாயினுள் இருக்கிறது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. பெண்களையும் அது விடுவதில்லை. குளிருக்கும் பசிக்கும் மெல்லும் வெற்றிலைதான் அதற்கு முதற்காரணங்களுள் ஒன்று.

மறுவாரம் லயத்துக்குச் சென்றேன்.

"பொயிலைய நான் தொடுறதே இல்லீங்க ஐயா. வெறும் வெத்தல பாக்குத்தான்" என்றார் அந்த மூதாட்டி.

புகையிலை சேராத பாக்கும் புற்றை விளைவிக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலை அவரிடம் எப்படி விளக்குவேன்! டோர்ச் விளக்கைப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னேன். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றரை விரலே நுழைந்தது. கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகியிருந்தது. உள்ளே அந்த வெள்ளைத் திட்டு. உறைப்பு பட்டால் எரியும் என்றார்.

திட்டுக்கு ஒளிச்சிகிச்சையை வைத்தியர்கள் முயன்று வருகிறார்கள். இறுகிய வாய்க்கு அது நிலைநாட்டப்பட்ட தீர்வன்று. முதலில் பாக்கை நிறுத்தவேண்டும். திட்டில் ஒரு துணுக்கெடுத்துச் சோதிக்கவேண்டும். இதைத்தான் மாணவனிடம் கூறினேன். உள்ளூர்ச் சுகாதார ஊழியர்களே இத்தகைய திட்டுகளை வாய் திறந்து பார்த்துக் கண்டறியலாம் என்பதை 1980களிலேயே இலங்கையில் நிரூபித்திருக்கிறார்கள். அதற்கு வேண்டியதும் ஒரு சிறு விளக்குத்தான்.

பதுளை வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். மூதாட்டி சுருக்குப்பையையும் மடியில் செருகிக்கொண்டார். பேரன் என்னைப் பார்த்தான்; அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.