எதற்கு இவ்வளவு பணம்?

நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் ஒரு சிறு நகரத்தில், சேமிப்புக் கணக்கிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுக்க ஒரு முற்பகல் முழுதும் போய்விடும். பணம் எடுக்கும் சீட்டை நிரப்பி, பாஸ்புக்கோடு சேர்த்து நீட்டினால் ஒரு பித்தளை டோக்கன் கிடைக்கும். உள்ளே ஒருவர் பேரேட்டைப் புரட்டி இருப்பைப் பார்ப்பார். இன்னொருவர் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து, சீட்டில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார். அதிகாரி ஒப்பமிட்ட பிறகு காசாளர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார். ஒரு சீட்டு இத்தனை கைகளைக் கடந்த பின்னரே பணம் வெளியே வந்தது. கணக்குத் தொடங்குவதற்கே, அந்த வங்கியில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

தொகை பெரிதானால் காசாளர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். "எதுக்குங்க இவ்வளவு பணம்? வீட்டுல விசேஷமா, மனை ஏதும் வாங்குறீங்களா?" என்று கேட்பார். நம் பணத்தை நாம் எடுப்பதற்கு இவருக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று பலர் எரிச்சல்பட்டார்கள். அந்த எரிச்சலிலும் நியாயம் இருந்தது.

இன்று அதே ஐந்நூறு ரூபாய் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைத் தட்டினால் சில நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதைச் செய்யும் யுபிஐ முறை 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அந்த ஆண்டு அக்டோபர் மாதம் முழுவதும் நாடு முழுக்க நடந்த பரிமாற்றங்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். தொகை 50 கோடி ரூபாய்க்கும் குறைவு. 2025 ஆகஸ்டில் பரிமாற்றங்களின் எண்ணிக்கை 2,000 கோடியைத் தாண்டியது. தொகை ஏறக்குறைய 24.85 லட்சம் கோடி ரூபாய்.

இதனால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. திருப்பூரில் வேலைக்குப் போன மகன் அம்மாவுக்கு நூறு ரூபாய் மணியார்டர் அனுப்பினால் ஐந்து ரூபாய் கமிஷன் போகும். தபால்காரர் வந்து சேர நாட்கள் ஆகும். இப்போது கமிஷன் இல்லை, காத்திருப்பும் இல்லை. அன்று பிற்பகலில் வங்கிக் கவுன்ட்டர் மூடிவிட்டால், மருத்துவமனையில் யார் கிடந்தாலும் பணம் நாளைக்குத்தான். வங்கிப் படி ஏறக் கணவரையோ மகனையோ எதிர்பார்த்திருந்த பெண்கள் பலர், இன்று யாரையும் கேட்காமல் தங்கள் கணக்கைத் தாங்களே நடத்துகிறார்கள். அந்தப் பழைய வரிசைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பூட்டும் அன்றைவிட இன்று உறுதியானது. இணையத்தில் அட்டை வழியே செலுத்தும்போது அட்டை எண்ணோடு இன்னொரு ரகசியச் சரிபார்ப்பும் வேண்டும் என்று 2009 ஆகஸ்டிலிருந்து ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. காந்தப் பட்டை மட்டும் கொண்ட அட்டைகள் போய் சிப் அட்டைகள் வந்தன. 2022 அக்டோபர் முதல் கடைகள் நம் அட்டை எண்ணைத் தங்களிடம் சேமித்து வைக்கக் கூடாது. இந்தக் காவலை உடைப்பது எளிதல்ல என்று திருடனுக்குத் தெரியும். ஆகவே அவன் பூட்டைத் தொடுவதில்லை. சாவி வைத்திருப்பவரிடம் பேசுகிறான்.

பழைய திருடன் நாம் போகும் பேருந்தில்தான் இருந்தான். ஒரு நேரத்தில் ஒரு சட்டைப் பையைத்தான் அவனால் அறுக்க முடிந்தது. பையில் இருந்தது போகும், வங்கியில் இருந்தது மிஞ்சும். இன்றைய திருடன் எந்த நாட்டில் இருக்கிறான் என்றே நமக்குத் தெரியாது. மியான்மாரிலும் கம்போடியாவிலும் மோசடிக்கென்றே முகாம்கள் நடக்கின்றன. நல்ல வேலை என்று நம்பிப் போய் மியான்மாரில் சிக்கி, 2022ல் மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. ஏமாற்றும் குரலே சில வேளைகளில் மிரட்டப்பட்டவனின் குரலாக இருக்கிறது. சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்ததாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்த தொகை, 2023ல் 7,465 கோடி ரூபாய்; 2024ல் 22,845 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

கடைப் பக்கமும் இதே கதைதான். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பொருள் வரவழைக்க அன்று வி.பி.பி. இருந்தது, 1877ல் தொடங்கிய முறை. தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பார்சலை வாங்கிப் பிரித்தால், கைக்கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இருக்கலாம். ஏமாற்றம்தான். ஆனால் இழப்பு அந்தப் பார்சலின் விலையோடு நின்றது. இன்று நானூறு ரூபாய்ச் சட்டை அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பப் போகிறவர், வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடுகிறார். அங்கே போலி எண் காத்திருக்கிறது. எடுப்பவர் மரியாதையாகப் பேசுகிறார். ரீஃபண்ட் அனுப்ப ஒரு செயலியை இறக்கச் சொல்கிறார். அது நம் திரையை அவருக்குக் காட்டும் செயலி. நானூறு ரூபாயில் தொடங்கியது கணக்கில் உள்ள மொத்தத்தையும் கொண்டு போகிறது. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எந்நாளும் தேவையில்லை. அனுப்புவதற்கு மட்டுமே தேவை. இந்த ஒன்று மனதில் பதிந்திருந்தால் ரீஃபண்ட் மோசடிகளில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

"இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்ற குறுஞ்செய்தி, வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பு, போக்குவரத்து அபராதம் என்று வரும் லிங்க் என்று வேடங்கள் மாறுகின்றன. எல்லாவற்றிலும் அவசரம் மட்டும் மாறுவதில்லை. அன்று அவசரப்பட்டாலும் வரிசை நம்மை நிறுத்தி வைத்தது.

இதன் கொடுமையான வடிவம் 'டிஜிட்டல் அரெஸ்ட்'. காக்கி உடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் வருகிறார். உங்கள் ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறது என்கிறார். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் பேசக் கூடாது என்று மிரட்டுகிறார். இப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் சொல்ல வேண்டி வந்தது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் பயந்துபோய் வைப்புத்தொகையை உடைத்து அனுப்புகிறார்கள். தப்பித்தவர்களைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த செய்திகளில் ஓர் ஒற்றுமை உண்டு. பெரும் தொகை என்பதால் அவர்கள் வங்கிக் கிளைக்கு நேரில் போயிருக்கிறார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்டிருக்கிறார். அன்று நம்மை எரிச்சலூட்டிய அதே கேள்வி.

நாம் இழந்தது அந்தத் தாமதத்தையும் அந்தக் கேள்வியையும்தான். இரண்டையும் ஓரளவு நாமே திரும்ப அமைத்துக்கொள்ளலாம். யுபிஐயோடு இணைத்த கணக்கில் மாதச் செலவுக்கான தொகையை மட்டும் வைத்து, சேமிப்பை வேறு கணக்கில் வைக்கலாம். வங்கிச் செயலியில் தினசரி வரம்பைக் குறைக்கலாம். அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையப் பயன்பாட்டையும் வேண்டாத நேரத்தில் அணைத்து வைக்க 2020 முதல் வசதி இருக்கிறது. இந்திய வங்கிகளின் இணையதள முகவரிகள் இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகின்றன. வேறு முடிவு கண்டால் சந்தேகப்படலாம். புதிய ஒருவருக்குப் பெரிய தொகை அனுப்பும்முன் வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது எல்லாவற்றையும்விட மேல்.

சட்டம் இதில் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாமவரால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு நம்முடையதல்ல. ஆனால் மிரட்டலுக்குப் பயந்து நாமே பின் நம்பரைத் தட்டியிருந்தால், அது நம் கவனக்குறைவாகிவிடுகிறது. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் நம் தலையில்தான். தெரிவித்த பின் போவதற்கு வங்கி பொறுப்பு. கவுன்ட்டரில் இருந்த ஆளை எடுத்துவிட்டு, அவர் செய்த காவலையும் சேர்த்து எழுபது வயது முதியவரின் விரல்நுனியில் வைத்திருக்கிறோம். அதற்கான பொறுப்பில் வங்கிகளுக்கும் இன்னும் கூடுதல் பங்கு இருக்க வேண்டும்.

அதுவரை நேரம்தான் நம் பக்கம் உள்ள ஒரே பலம். போன பணம், மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த பிறர் கணக்குகள் வழியாகக் கைமாறிக்கொண்டே இருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் எங்காவது முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். இந்த எண்ணை இன்றே உங்கள் அப்பா அம்மாவின் கைபேசியில் பதிந்து கொடுங்கள்.