ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்லிட்டாங்களா? பாலிசியை ஒருமுறை புரட்டிப் பாருங்க



"அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணணுமாம், இன்ஷூரன்ஸ்ல கிடைக்குமா?" நம்ம சேனலுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. எந்த ஆஞ்சியோ, எதுக்காக என்பதைப் பொறுத்துதான் பதில்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஹார்ட் அட்டாக் என்றால் கணக்கே பார்க்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்தப் பதிவு, தேதி குறித்துவிட்டுப் போகிறவர்களுக்கு.

சிடி ஆஞ்சியோவில் கை நரம்பில் சாய மருந்து ஏற்றி ஸ்கேன் எடுப்பாங்க. அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். கதீட்டர் ஆஞ்சியோவில் மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயை இதய ரத்தக்குழாய் வரை கொண்டுபோய், சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பாங்க. அடைப்பு இருந்தால் அப்பவே ஸ்டென்ட் வைக்கவும் முடியும்.

கிளெய்ம் எங்கே சிக்கும்?

ஹெல்த் பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் கோட் 04 பாருங்க. பரிசோதனைக்காக மட்டுமே அட்மிட் ஆனால் பணம் கிடையாது. அதனால் என்ன அறிகுறி, ஈசிஜியில் என்ன மாற்றம், ஏன் இந்த டெஸ்ட் என்பது டாக்டரின் குறிப்பில் தெளிவா இருக்கணும். வெளியில் எடுத்த சிடி ஆஞ்சியோ பில்லைத் தூக்கிப் போடாதீங்க. அதைத் தொடர்ந்து அதே பிரச்சினைக்கு அட்மிட் ஆகி, அந்த கிளெய்ம் ஏற்கப்பட்டால், அட்மிஷனுக்கு முந்தைய செலவாக இதையும் கேட்கலாம். 30 நாளா, 60 நாளா என்பது பாலிசியில் இருக்கும்.

உள்ளே போவதற்கு முன் கேளுங்க

கேஷ்லெஸ் அனுமதி ஆஞ்சியோவுக்கு மட்டுமா, ஸ்டென்டுக்கும் சேர்த்தா? பலர் லேப் வாசலில் நின்றுகொண்டு, பதற்றத்தில் கையெழுத்துப் போடுவது இந்த இடத்தில்தான். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்தில் முடிவு சொல்லணும் என்பது ஐஆர்டிஏஐ 2024-ல் போட்ட விதி.

ஸ்டென்ட் பில்

2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு வரி நீங்கலாக ரூ.29,600. பிறகு அவ்வப்போது திருத்தப்படுகிறது, இப்போதைய விலையை என்பிபிஏ இணையதளத்தில் பார்க்கலாம். பில்லில் ஸ்டென்ட் விலை, பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண் தனியா இருக்கணும். 'பேக்கேஜ்' என்று ஒரே வரி போட்டால், பிரித்துத் தரச் சொல்லுங்க. அது உங்க உரிமை.

இன்னைக்கு ராத்திரி அப்பா, அம்மா பாலிசியை எடுத்து காத்திருப்புக் காலம், கோட் 04, டே-கேர் பட்டியல் மூணையும் படிச்சிடுங்க. சந்தேகம் இருந்தால் கமெண்ட்ல கேளுங்க.